காஸி தேடிய கப்பல் அங்கே இல்லை! 1971 போரில் விக்ராந்தை ஒளித்துவைத்த நாகர்கோவில்காரர்

1971 போர் என்று கூகுளில் தட்டினாலே முதலில் வந்து நிற்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கண்டிப்பா பார்த்திருப்பீங்க. டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானம், டிசம்பர் 16. ஒரு மேசை. பாகிஸ்தானின் லெப்டினன்ட் ஜெனரல் நியாஸி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார். பக்கத்தில் டர்பனோடு உட்கார்ந்திருப்பவர் இந்தியாவின் லெப்டினன்ட் ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோரா. இவங்க ரெண்டு பேர் பெயரும் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கு.

பின்னால் வரிசையாக நிற்பவர்களைக் கவனித்திருக்கீங்களா? அதில் ஒருவர் கடற்படை அதிகாரி. பெயர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். சொந்த ஊர் நாகர்கோவில்.

தரைப்படைத் தளபதிகளுக்கு நடுவே ஒரு கடற்படைக்காரர் ஏன் நிற்கிறார்? கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த பாகிஸ்தான் ராணுவத்துக்குக் கடல் வழியாக உதவி வரவும் முடியாது, தப்பிப் போகவும் முடியாது என்ற நிலையை உண்டாக்கியது அவர் தலைமையில் இருந்த கிழக்குக் கடற்படை. அதற்கு அவர் கையில் இருந்த பெரிய ஆயுதம் ஒரே ஒரு கப்பல்: ஐ.என்.எஸ். விக்ராந்த். பெரிய ஆயுதம்தான், ஆனா முழுசா வேலை செய்யாத ஆயுதம். கொதிகலனில் விரிசல், வேகத்தில் பாதி போச்சு, அதை மூழ்கடிக்கணும்னே கராச்சியில் இருந்து ஒரு நீர்மூழ்கி வேற கிளம்பி வந்துக்கிட்டு இருந்தது.

அந்தக் கப்பலை அவர் எப்படிக் காப்பாற்றினார்? அதில் எது உறுதியான உண்மை, எது இன்னும் சர்ச்சை? பார்க்கலாம்.

யார் இந்தக் கிருஷ்ணன்?

1919 ஜூன் 8ம் தேதி நாகர்கோவிலில் பிறந்தவர். அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956ல்தான் அந்தப் பகுதி கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு சேர்ந்தது. அப்பா நீலகண்ட ஐயர் பொறியாளர். படித்த, வசதியான குடும்பம். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பையன்கள் வக்கீலுக்கோ அரசாங்க உத்தியோகத்துக்கோ போவதுதான் வழக்கம். கிருஷ்ணன் கடலைத் தேர்ந்தெடுத்தார்.

அவர் சேர்ந்தபோது இந்தியக் கடற்படை என்று ஒன்று கிடையாது. ராயல் இந்தியன் நேவி, அதாவது ஆங்கிலேயர் ஆளுகையில் இருந்த சின்னப் படை. அதிகாரிகளில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது கிருஷ்ணனுக்கு வயது 20. இரண்டே வருடத்தில், 1941ல், பாரசீக வளைகுடாவில் நடந்த சண்டைகளில் காட்டிய துணிச்சலுக்காக டி.எஸ்.சி. எனப்படும் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ் பதக்கம் பெற்றார். அந்தப் படையில் ஓர் இந்திய இளைஞருக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு படிப்படியாக மேலே வந்தார். 1961 டிசம்பரில் கோவா, டாமன், டையூ பகுதிகளைப் போர்ச்சுகீசியரிடம் இருந்து மீட்கும் நடவடிக்கை நடந்தபோது ஐ.என்.எஸ். டெல்லி என்ற போர்க்கப்பலின் கேப்டன் அவர்தான். டையூ பக்கம் நடந்த சண்டையில் அந்தக் கப்பலின் பீரங்கிகள் கோட்டையை நோக்கிச் சுட்டன.

1963ல் வந்தது அடுத்த பொறுப்பு. விக்ராந்தின் கேப்டன் பதவி. 1964 வரை அந்தக் கப்பலை அவர் நடத்தினார். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம். 1971ல் விக்ராந்தை வைத்துத் திட்டம் போட்டவர் அதைக் காகிதத்தில் மட்டும் பார்த்தவர் கிடையாது. அதன் பலமும் பலவீனமும் தெரிந்தவர்.

மூணு வருஷத்துக்குன்னு கட்டின கப்பல்

இப்போ கப்பலோட கதைக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. நடுக்கடல் வரைக்கும் கரையில் இருந்து விமானம் போக முடியாது. அப்படின்னா விமானத்தையே கப்பலில் ஏற்றிக் கூடவே அனுப்பலாம் என்ற யோசனையில் அவசர அவசரமாகச் சின்ன விமானந்தாங்கிகளைக் கட்டினார்கள். சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போன இவற்றுக்குப் பாதுகாப்பு விமானந்தாங்கி என்று பெயர். இவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஆனால் முழு அளவு விமானந்தாங்கியை விடச் சிறியதாக, பிரிட்டன் இன்னொரு வகையையும் வடிவமைத்தது. அதுதான் இலகு ரக விமானந்தாங்கி. சீக்கிரம் கட்டணும், போர் முடியும் வரை ஓடணும், அதிகபட்சம் ஒரு மூன்று வருடம் உழைத்தால் போதும் என்பதுதான் கணக்கு.

அந்த வகையில் ஒன்றுக்கு 1943 நவம்பரில் இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில் அடித்தளம் போட்டார்கள். பெயர் ஹெர்குலிஸ். 1945 செப்டம்பரில் தண்ணீரில் இறக்கியபோது போரே முடிந்துவிட்டது! முக்கால்வாசி முடிந்த நிலையில் வேலையை நிறுத்திவிட்டார்கள். பத்து வருடத்துக்கும் மேல் கப்பல் சும்மாவே கிடந்தது.

1957ல் இந்தியா அதை வாங்கியது. பெல்ஃபாஸ்ட் நகரில் மீதி வேலையை முடித்து, 1961 மார்ச் 4ம் தேதி ஐ.என்.எஸ். விக்ராந்த் என்ற பெயரில் படையில் சேர்த்தது. அன்று ஆசியாவில் வேறு எந்த நாட்டிடமும் விமானந்தாங்கி கிடையாது.

அளவு புரிய ஒரு கணக்கு. விக்ராந்தின் நீளம் 213 மீட்டர், அதாவது சுமார் 700 அடி. பழனி முருகன் கோயில் இருக்கிற மலை அடிவாரத்தில் இருந்து சுமார் 450 அடி உயரம். கப்பலைத் தூக்கி மலைக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தால், ராஜகோபுரத்துக்கும் மேலே அது எட்டிப் பார்க்கும். உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். மேலே சீ ஹாக் என்ற போர் விமானங்கள், அலிஸே என்ற நீர்மூழ்கி வேட்டை விமானங்கள், ஹெலிகாப்டர்கள்.

இவ்வளவு பெரிய கப்பலால் 1965 போரில் ஒரு விமானத்தைக்கூட அனுப்ப முடியவில்லை. பம்பாயில் பராமரிப்பு வேலையில் நின்றுகொண்டிருந்தது. விக்ராந்தை மூழ்கடித்துவிட்டோம் என்று பாகிஸ்தான் சொல்லிக்கொண்டது. பாகிஸ்தான் கப்பல்கள் குஜராத்தின் துவாரகா மீது குண்டு வீசிவிட்டுத் திரும்பியும் போயின. இந்தியக் கடற்படைக்குள் அது ஆறாத வடுவாக இருந்தது. 1971லும் இந்தக் கப்பல் துறைமுகத்திலேயே நின்றால் இனி இது எதற்கு என்ற கேள்வி வரும். அப்போதைய கடற்படைத் தளபதி அட்மிரல் எஸ்.எம். நந்தாவுக்கு அது நன்றாகவே தெரியும்.

குக்கரில் விரிசல்னா என்ன செய்வீங்க?

1970ல் ஒரு பெரிய பிரச்சினை வெளியே வந்தது. விக்ராந்தின் கொதிகலன்களில் விரிசல்கள்.

விக்ராந்த் நீராவியில் ஓடும் கப்பல். நான்கு கொதிகலன்கள் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதிக அழுத்தத்தில் நீராவியை அனுப்பும். அந்த நீராவிதான் கப்பலின் விசிறியைச் சுற்றும். விமானத்தை உண்டிவில் மாதிரி இழுத்து முன்னால் எறியும் கேட்டபுல்ட் என்ற கருவிக்கும் அதே நீராவிதான் உயிர்.

வீட்டுப் பிரஷர் குக்கரின் அடிப்பாகத்தில் கீறல் விழுந்திருக்குன்னு வைங்க. அதை அடுப்பில் ஏற்றுவீங்களா? அதேதான் இங்கேயும். வெல்டிங் வைத்துச் சரிசெய்யவும் முடியாத விரிசல்கள். புதிய பாகங்கள் பிரிட்டனில் இருந்து வரணும். அது வரைக்கும் கொதிகலனைப் பற்றவைக்கக் கூடாது என்று உத்தரவு. கப்பல் மாதக்கணக்கில் முடங்கியது.

1971 மார்ச்சில் கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவ ஒடுக்குமுறை தொடங்கியது. லட்சக்கணக்கில் அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். போர் வரப் போகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. பாகங்கள் வரக் காத்திருக்க நேரமில்லை.

அப்போது செய்தது ஒரு துணிச்சலான ஒட்டுவேலை. மோசமான கொதிகலனை ஒதுக்கிவிட்டு, மீதி மூன்றை மட்டும் எரிக்க முடிவானது. அந்த மூன்றையும் சுற்றி எஃகுப் பட்டைகள் கட்டினார்கள். நீராவி கசிந்தால் உடனே தெரியும்படி பார்வைச் சாளரங்கள் வைத்தார்கள். அழுத்தத்தைக் குறைத்து ஓட்டினார்கள். விளைவு: மணிக்கு 24 நாட்டுக்கு மேல், அதாவது சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய கப்பலுக்கு 14 நாட்தான் எல்லை. சுமார் 26 கிலோமீட்டர். டவுன் பஸ் வேகம்கூட வராது.

வேகம் குறைந்தால் என்ன, மெதுவாகப் போய்ச் சேரட்டுமே என்று தோன்றலாம். விமானந்தாங்கிக்கு அப்படி விட முடியாது. ஓடுதளம் ரொம்பச் சின்னது என்பதால் விமானம் மேலே எழும்ப எதிர்க்காற்று வேண்டும். அதற்காகவே கப்பல் காற்று வரும் திசையில் திரும்பி வேகமெடுக்கும். கப்பலின் வேகமும் காற்றின் வேகமும் சேர்ந்துதான் விமானத்தைத் தூக்கிவிடும். வேகம் பாதியானால், விமானம் கிளம்பும் ஒவ்வொரு முறையும் ஆபத்து கூடும். நீர்மூழ்கி ஒன்று குறிவைத்தால் விலகி ஓடவும் முடியாது.

இந்தக் கப்பலைப் போருக்கு அனுப்புவது தற்கொலைக்குச் சமம் என்று கடற்படைக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. ஆயிரம் பேருக்கு மேல் பயணிக்கும் கப்பல். அது மூழ்கினால் உயிர்ச்சேதம் மட்டும் இல்லை, போரின் போக்கே மாறலாம். கடைசியில் தலைமையகம் எடுத்த முடிவு: விக்ராந்த் போகும். மேற்கே வேண்டாம், கிழக்கே போகட்டும்.

அதே 1971ல்தான் கிருஷ்ணன் விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படையின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றிருந்தார். நொண்டிக்கொண்டு வரும் பழைய கப்பல், அதன் பழைய கேப்டனிடமே வந்து சேர்ந்தது.

கராச்சியில் இருந்து கிளம்பிய காஸி

பாகிஸ்தானும் கணக்குப் போட்டது. கிழக்குக் கடலில் இந்தியாவின் பலமே விக்ராந்த்தான். அதை மூழ்கடித்தால் வங்காள விரிகுடா திறந்துவிடும். ஆனால் கராச்சியில் இருந்து இலங்கையைச் சுற்றி வங்காள விரிகுடாவுக்கு வந்து, அங்கே பல நாள் காத்திருந்து தாக்கும் அளவுக்குத் தாங்கக்கூடிய நீர்மூழ்கி அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான். பி.என்.எஸ். காஸி. அதுவும் இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சரக்குதான். டையப்லோ என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படையில் இருந்து, 1960களில் குத்தகைக்கு வந்தது.

1971 அக்டோபர், நவம்பர் மாதங்களில் விக்ராந்த் பராமரிப்புக்காகச் சென்னையில் நின்றது. நவம்பர் 13ம் தேதி கிழக்குப் படையணி அந்தமானை நோக்கிக் கிளம்பியது. மறுநாள், நவம்பர் 14, காஸி கராச்சியை விட்டுப் புறப்பட்டது. அது சென்னைப் பக்கம் வந்து சேர்ந்தபோது விக்ராந்த் அங்கே இல்லை. பல நூறு மைல் தள்ளி, அந்தமானில் ஆள் அரவமற்ற ஒரு நங்கூரமிடத்தில் பத்திரமாக இருந்தது. அந்த இடத்துக்குப் போர்ட் எக்ஸ்ரே என்று ரகசியப் பெயர்.

ஒளித்தாச்சு. ஆனா ஒளித்தால் மட்டும் போதாது. காணவில்லை என்று தெரிந்தால் எதிரி தேடிக்கொண்டு வருவான். அதனால் விக்ராந்த் வேறு இடத்தில் இருப்பதாக எதிரியை நம்பவைக்கணும். கிருஷ்ணன் செய்தது அதைத்தான்.

ஒரு தந்தி, நிறைய காய்கறி, ஒரு பழைய கப்பல்

போர் பற்றி அவர் பின்னால் எழுதிய புத்தகத்தில் இந்த ஏமாற்று வேலையை விரிவாகச் சொல்லியிருக்கிறார். சினிமாவில் வருவது மாதிரி ஹைடெக் எதுவும் கிடையாது. எல்லாமே அன்றாட விஷயங்கள்.

முதல் வேலை, மளிகை. ஆயிரம் பேருக்கு மேல் இருக்கும் கப்பல் துறைமுகத்துக்கு வருதுன்னா அரிசி, இறைச்சி, காய்கறி என்று பெரிய அளவில் ஆர்டர் போகும். விசாகப்பட்டினத்தில் அப்படி ஒரு பெரிய ஆர்டர் போட்டார்கள். சந்தையில் பேச்சு பரவும், ஊரில் ஒற்றர்கள் இருந்தால் காதில் விழும் என்பது திட்டம்.

இரண்டாவது, தொலைபேசி. சென்னையில் இருந்த கடற்படை அதிகாரிக்கு அவரே போன் செய்து, விக்ராந்த் சென்னைக்கு வருகிறது, நிறுத்த இடமும் பொருட்களும் தயார் செய்யுங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். மறுமுனையில் இருந்தவருக்கு அதிர்ச்சி. இவ்வளவு பெரிய ரகசியத்தைச் சாதாரண போனில் சொல்கிறாரே, மனுஷனுக்கு என்ன ஆச்சு என்று நினைத்தாராம். யாராவது ஒட்டுக்கேட்கட்டும் என்பதற்காகவே செய்த போன் அது!

மூன்றாவது, தந்தி. போர்க்காலத்தில் கப்பல்கள் வானொலியில் வாயே திறக்கக் கூடாது. ஆனால் விக்ராந்த் மாலுமி ஒருவர், உடம்பு சரியில்லாத அம்மாவின் நிலை என்ன என்று விசாரிப்பது போல ஒரு செய்தியைச் சங்கேதம் இல்லாமல் அனுப்பவைத்தார்கள். கட்டுப்பாடு மீறி ஒரு மாலுமி செய்த தவறு என்று கேட்பவன் நினைப்பான். விக்ராந்த் பக்கத்தில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டுவான்.

நான்காவது, வேஷம். ஐ.என்.எஸ். ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை விசாகப்பட்டினத்துக்குச் சுமார் 160 மைல் தள்ளிக் கடலில் அனுப்பினார்கள். அதன் தளபதி லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங். பெரிய படையணி ஒன்று பேசிக்கொள்வது போல அது ஏராளமான வானொலிச் செய்திகளை அனுப்பியது. கேட்பவருக்கு அது விக்ராந்த்.

காஸி வந்திருக்கிறது என்பது கிருஷ்ணனுக்கு எப்படித் தெரிந்தது? அதற்கும் ஒரு சின்னத் தடயம்தான். சிட்டகாங்குக்குப் போன ஒரு செய்தியை இந்தியத் தரப்பு இடைமறித்தது. அதில் ஒரு குறிப்பிட்ட வகை மசகு எண்ணெய் பற்றி விசாரிப்பு இருந்தது. அந்த எண்ணெய் நீர்மூழ்கிகளுக்கும் கண்ணிவாரிக் கப்பல்களுக்கும்தான் தேவைப்படும். வங்காள விரிகுடாவுக்கு வந்து சேரக்கூடிய பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸி மட்டும்தான். ஒன்றும் ஒன்றும் இரண்டு.

டிசம்பர் 3 நள்ளிரவில் நடந்தது என்ன?

டிசம்பர் 3 மாலை மேற்கே இந்திய விமானத் தளங்களைப் பாகிஸ்தான் தாக்கியது. போர் தொடங்கியது. அன்று நள்ளிரவையொட்டி ராஜ்புத் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் இருந்து வெளியே வந்தது. வெளியே நீர்மூழ்கி இருந்தால் என்ற சந்தேகம் இந்தர் சிங்குக்கு. கடலில் ஒரு இடத்தில் தண்ணீர் கலங்கியது போலத் தெரியவும், இரண்டு வெடிகுண்டுகளை ஆழத்தில் போட்டுவிட்டு வேகமாக நகர்ந்தார். கொஞ்ச நேரத்தில் கரையில் இருந்தவர்களுக்குப் பெரிய வெடிச்சத்தம் கேட்டது. பிறகு மீனவர்கள் கடலில் மிதந்த பொருட்களைப் பார்த்தார்கள். முக்குளிப்பு வீரர்கள் இறங்கிப் பார்த்து, அடியில் கிடப்பது காஸி என்று உறுதி செய்தார்கள். உள்ளே இருந்த 93 பேரும் இறந்திருந்தார்கள்.

ராஜ்புத் போட்ட குண்டுகளால்தான் காஸி மூழ்கியது என்பது இந்தியத் தரப்பு. இல்லை, துறைமுக வாயிலில் தான் வைத்த கண்ணிவெடியிலேயே அது மாட்டிக்கொண்டது, அல்லது உள்ளே விபத்து நடந்தது என்பது பாகிஸ்தான் தரப்பு. இந்தியாவிலும் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லவில்லை. அந்தப் போரில் கிழக்குப் பிராந்தியத் தரைப்படையின் தலைமை அதிகாரியாக இருந்த ஜெனரல் ஜேக்கப், டிசம்பர் 3ம் தேதியே கிருஷ்ணன் தனக்குப் போன் செய்து, நீர்மூழ்கியின் சிதைவுகளை மீனவர்கள் பார்த்ததாகச் சொன்னார் என்று பல வருடங்களுக்குப் பிறகு எழுதினார். அது சரி என்றால், ராஜ்புத் குண்டு போடுவதற்கு முன்பே காஸி மூழ்கியிருக்க வேண்டும். ஆனால் ராஜ்புத்தான் மூழ்கடித்தது என்பதில் கிருஷ்ணன் தன் புத்தகத்தில் உறுதியாக இருந்தார்.

2017ல் வந்த காஸி படம் பார்த்தவர்களுக்கு ஒரு குறிப்பு. அதில் இந்திய நீர்மூழ்கி ஒன்று காஸியோடு மோதுவது போல வரும். இந்தியக் கடற்படையின் அதிகாரபூர்வ வரலாற்றில் அப்படி ஒரு சண்டை இல்லை. படத்தைப் படமாகவே பாருங்க.

யார் மூழ்கடித்தது என்ற சண்டைக்கு நடுவே ஒரு விஷயம் மறைந்துபோகிறது. இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளும் உண்மை: காஸி மூழ்கியது விசாகப்பட்டினம் வாசலில். விக்ராந்த் அப்போது அந்தப் பக்கமே இல்லை. எந்த வெடி வெடித்தது என்பதில் சந்தேகம் இருக்கலாம். காஸி தப்பான இடத்தில் காத்துக்கிடந்தது என்பதில் சந்தேகம் இல்லை. கிருஷ்ணனின் வெற்றி அங்கேதான் இருக்கு.

நொண்டிக் கப்பல் என்ன செய்தது?

டிசம்பர் 4 என்றதும் கராச்சித் துறைமுகத் தாக்குதல்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். கடற்படை தினம் அந்தத் தேதியில் கொண்டாடப்படுவதும் அதனால்தான். அதே நாளில்தான் கிழக்கே விக்ராந்தும் தன் முதல் போர்த் தாக்குதலை நடத்தியது. கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷ் தலைமையில் இருந்த கப்பலில் இருந்து சீ ஹாக் விமானங்கள் கிளம்பி காக்ஸ் பஜார் விமானத் தளத்தைத் தாக்கின. அடுத்து சிட்டகாங். தொடர்ந்த நாட்களில் குல்னா, சால்னா, மங்களா துறைமுகங்கள். மெதுவாகப் பறக்கும் அலிஸே விமானங்கள் இரவில் போயின.

விமானத் தளங்களும் துறைமுகங்களும் அடிவாங்கின. துறைமுகங்களுக்குக் கப்பல் வருவதும் போவதும் நின்றது. பாகிஸ்தான் படை மூன்று பக்கம் நிலத்திலும் ஒரு பக்கம் கடலிலும் அடைபட்டது. கடல் வழி திறந்திருந்தால் படைகளைப் பின்வாங்கவைத்துப் போரை இழுத்தடிக்க முடிந்திருக்கும். 13 நாளில் போர் முடிந்ததற்குக் கடல் மூடப்பட்டதும் ஒரு காரணம். சுமார் 93,000 பேர் போர்க்கைதிகள் ஆனார்கள்.

எல்லாமே சரியாக நடந்ததா? இல்லை. தப்பித்து பர்மா பக்கம் போகும் வழியை அடைப்பதற்காக, போரின் கடைசி நாட்களில் காக்ஸ் பஜார் கடற்கரையில் வீரர்களைத் தரையிறக்கும் நடவடிக்கை நடந்தது. போதிய பயிற்சி இல்லை, கடற்கரையின் ஆழம் சரியாகத் தெரியவில்லை. இறங்கிய கூர்க்கா வீரர்கள் ஆழமான தண்ணீரில் சிக்கினார்கள், உயிரிழப்பும் ஏற்பட்டது. அவசரத்தில் போட்ட திட்டம் என்று அது இன்றும் விமர்சிக்கப்படுகிறது. கிருஷ்ணனின் கதையைச் சொல்லும்போது அதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

போருக்குப் பிறகு

1972ல் கிருஷ்ணனுக்குப் பத்ம பூஷண் விருது கிடைத்தது. விக்ராந்தின் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷுக்கும், சீ ஹாக் படைப்பிரிவின் தலைவர் சந்தோஷ் குமார் குப்தாவுக்கும் மகாவீர் சக்ரா.

கடற்படையை விட்டு வந்த பிறகு கொச்சி கப்பல் கட்டும் தளத்தின் தலைவராக இருந்தார் கிருஷ்ணன். 1971 போர் பற்றிய தன் புத்தகத்தை 1980ல் வெளியிட்டார். 1982ல் காலமானார், 62 வயதில். அவர் எழுதி வைத்திருந்த வாழ்க்கைக் கதை பல வருடங்கள் கழித்துத்தான் புத்தகமாக வந்தது.

மூன்று வருடத்துக்குப் போதும் என்று வடிவமைத்த விக்ராந்த் 36 வருடம் உழைத்தது. 1997 ஜனவரி 31ல் ஓய்வு பெற்றது. கொஞ்ச காலம் மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. பராமரிக்கப் பணம் ஒதுக்க ஆளில்லை. 2014ல் ஏலத்தில் சுமார் 60 கோடி ரூபாய்க்குப் போய், உடைக்கப்பட்டது. அந்த இரும்பில் ஒரு பகுதி பஜாஜ் வி பைக்குகளுக்குள் போனது. பெட்ரோல் டேங்க் மூடியில் பார்த்திருப்பீங்க, சிலர் இப்பவும் ஓட்டிக்கிட்டு இருப்பீங்க.

2022 செப்டம்பர் 2ம் தேதி அதே பெயரில் புதிய ஐ.என்.எஸ். விக்ராந்த் கடற்படையில் சேர்ந்தது. இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் விமானந்தாங்கி. கட்டியது கிருஷ்ணன் ஒரு காலத்தில் தலைமை வகித்த அதே கொச்சி தளம்.

காஸி இன்னும் விசாகப்பட்டினத்துக்கு வெளியே, கரைக்குக் கொஞ்ச தூரத்தில், கடலடியில்தான் கிடக்கிறது. 2024ல் இந்தியக் கடற்படையின் மீட்பு வாகனம் அந்தச் சிதைவை மறுபடி அடையாளம் கண்டது. ஆனால் யாரும் அதைத் தொடவில்லை. 93 பேரின் கல்லறை அது. அவர்களும் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, வீட்டில் யாரையோ விட்டுவிட்டு வந்தவர்கள்தான்.

கரையில், ஆர்.கே. பீச்சில், 1971 கடற்போர் வெற்றியின் நினைவுச் சின்னம் நிற்கிறது. நம்ம ஊரில் இருந்து அரக்கு, விசாகப்பட்டினம் டூர் போகிறவர்கள் அங்கே செல்ஃபி எடுக்காமல் திரும்புவதில்லை. அடுத்த முறை போனால் கடல் பக்கமும் ஒரு நிமிஷம் திரும்பிப் பாருங்க. அந்தத் தண்ணீரில்தான் காஸி ஒரு கப்பலுக்காகக் காத்திருந்தது. அந்தக் கப்பல் வரவே இல்லை. அதை வரவிடாமல் வைத்திருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த ஒருவர்.